சுவரைத் தட்டையாக்கியது தீபா இல்லை

பாலாஜி பொய் சொல்கிறார்.

போன பொங்கல் விழாவில், பிளானோவில் நம் தமிழ்ச் சங்கம் வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட ஆடிட்டோரியத்தில், அவர் மைக்கைப் பிடித்து இருபது நிமிடம் பேசினார். இங்கிலாந்தில் ஒரு பழைய சர்ச்சின் சுவரை எங்கள் கம்பெனி எப்படிக் காப்பாற்றியது என்பதுதான் பேச்சு. "கோயம்புத்தூர் டீம்ல ஒரு ஜூனியர் பொண்ணு பண்ணுன மிஸ்டேக்ங்க. நாங்க இங்க டைம்ல கேட்ச் பண்ணிட்டோம்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கையில் சர்க்கரைப் பொங்கல் கப் இருந்ததால் தட்டவில்லை.

அந்த ஜூனியர் பொண்ணுக்குப் பெயர் தீபா. அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. கம்ப்யூட்டர் மாடலில் அந்தச் சுவரைத் தட்டையாக்கியது நான். ஆக்கச் சொன்னது பாலாஜி.

சங்கத்தின் விழா மலரைத் தொகுக்கிற மலர்க் குழுவினர் என்னிடம், "இளைஞர்களுக்குப் பயன்படும்படி உங்க வேலை அனுபவத்தை எழுதுங்க ஆன்ட்டி" என்று கேட்டார்கள். எழுதியிருக்கிறேன். பயன்படுமா என்பது உங்கள் பாடு. வெட்டாமல் போடுவது மலர்க் குழுவின் பாடு.

1. கோணல் ஆகாது

நான் கரூர் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ படித்தவள். கல்யாணமாகி டெக்ஸாஸ் வந்து, வேலை செய்ய அனுமதி இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த வருடங்களைப் பற்றி எழுதினால் இந்த மலர் முழுவதையும் நானே நிரப்பிவிடுவேன். அதை விடுங்கள். அனுமதி வந்ததும் பக்கத்து ஊரான ரிச்சர்ட்சனில், ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல் மாடியில் இருந்த ஆபீஸில் சேர்ந்தேன். அங்கே பதினாலு பேர். கோயம்புத்தூர் கிளையில் அறுபது பேர். இரண்டுக்கும் டெலிவரி ஹெட் பாலாஜி. மயிலாப்பூர்க்காரர், என்னைவிட ஆறு வயது சின்னவர். காரியம் ஆக வேண்டுமென்றால் "செல்விக்கா" என்பார். கோபம் வந்தால் அந்த "அக்கா" கழன்று விழும்.

வேலை இதுதான். ஒரு கட்டடத்துக்குள் முக்காலி மேல் லேசர் ஸ்கேனரை வைத்தால், அது சுற்றிச் சுழன்று சுவர், தூண், கூரை எல்லாவற்றின் மேலும் கோடிக்கணக்கான புள்ளிகளை எடுக்கும். அந்தப் புள்ளிக் கூட்டத்துக்குப் பெயர் பாயின்ட் கிளவுட். திரையில் பார்த்தால் கோலமாவைத் தூவிக் கட்டடம் கட்டியதுபோல இருக்கும். அதன் மேல் சுவர் சுவராக, ஜன்னல் ஜன்னலாக 3டி மாடல் போட்டுக் கொடுக்க வேண்டும். ஸ்கேன் எடுப்பது அந்தந்த ஊர் சர்வேயர். மாடல் போடுவது நாங்கள்.

முதல் நாள் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடலைக் கொடுத்தார்கள். ஒரு சுவர் ஒன்றரை அங்குலம் சாய்ந்திருந்தது. இருந்தபடியே போட்டேன். பாலாஜி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"செல்விக்கா, இது என்ன?"

"சுவருங்க. சாஞ்சிருக்குது."

"சாஞ்சிருந்தா சாஞ்ச மாதிரியே போடுவீங்களா? கிளையன்ட் என்ன நினைப்பான்? நம்ம டிராஃப்டர் குடிச்சிட்டு வரைஞ்சிருக்கான்னு நினைப்பான். எல்லாத்தையும் தொண்ணூறு டிகிரிக்கு ஸ்ட்ரெய்ட் பண்ணுங்க."

இதுதான் எங்கள் ஆபீஸின் முதல் விதி. இரண்டாவது விதி சந்தேகப் பட்டியல் பற்றியது. ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு ஷீட் உண்டு. மாடல் போடுகிறவருக்கு ஏதாவது புரியவில்லை என்றால் அதில் எழுதலாம். அது கிளையன்டுக்குப் போய்ப் பதில் வர வேண்டும் என்பதற்காக வைத்த ஷீட். எங்கள் ஆபீஸில் அது பாலாஜியைத் தாண்டிப் போனதே இல்லை. "கேள்வி கேட்டா நமக்கு வேலை தெரியலைன்னு ஆயிடும்" என்பார். தமிழ்நாட்டில் வகுப்பறையில் கை தூக்காமலே இன்ஜினியர் ஆன அத்தனை பேருக்கும் இந்த விதி புரிந்தது. எனக்கும்தான்.

பதினோரு வருடம் இப்படியே ஓட்டினேன். கிடங்குகள், ஆஸ்பத்திரிகள், நம் மளிகைக் கடைகள் இருக்கிற ஸ்ட்ரிப் மால்கள். சாய்ந்த சுவரை எல்லாம் நிமிர்த்தினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் வினை.

2. பாதி சர்ச்

இங்கிலாந்து வேலை வந்தபோது எல்லோருக்கும் குஷி. அந்த ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. அவர்கள் இந்தச் சண்டையில் இல்லை.

போட்டோவைப் பார்த்ததும் எனக்கு ஒன்று உறுத்தியது. சர்ச் ஒரு பக்கம் நீளமாக, கம்பீரமாக வந்து, மறுபக்கம் சட்டென்று நின்றுபோயிருந்தது. யாரோ கேக்கை வெட்டிப் பாதியை எடுத்துக்கொண்டு போன மாதிரி. வெட்டிய இடத்தில் ஒரு மொட்டைச் சுவர். அதற்கு அப்பால் புல், கல்லறைகள், இரண்டு உடைந்த தூண் அடிகள்.

முதல் வீடியோ காலில் ஜோன் என்ற அம்மாள் வந்தார். எழுபது வயது தாண்டியவர். ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். சம்பளமில்லாமல் சர்ச் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசியது இங்கிலீஷ். என் காதில் விழுந்த தினுசில் தமிழில் எழுதுகிறேன்.

"இது ஒரு காலத்துல மடம்மா. கிழக்குப் பாதி சாமியாருங்களுக்கு. மேற்குப் பாதி ஊர்க்காரங்க எங்களுக்கு. ஒரே கூரை, ஒரே சாமி, ஆனா பேச்சுவார்த்தை கிடையாது."

"ஏனுங்க, என்ன சண்டை?"

"மணி! நாங்க மணி அடிச்சா அவங்க ஜபம் கெட்டுப்போகுதாம். ஒரு நாள் எங்க மணியோட நாக்கைக் கழட்டி ஒளிச்சு வெச்சுட்டாங்க. எங்காளுங்க விடுவாங்களா? மேற்குக் கோடியில தனியா ஒரு கோபுரம் கட்டி, முன்னைவிடப் பெரிய மணியா வாங்கித் தொங்க விட்டாங்க."

டாலஸைச் சுற்றி எத்தனை தமிழ்ச் சங்கம் இருக்கிறது, ஒவ்வொன்றும் எதற்காகப் பிரிந்தது என்று தெரிந்த எவருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது.

பிறகு ஒரு ராஜாவுக்கு மறு கல்யாணம் செய்துகொள்ள ஆசை வந்தது. போப் ஒத்துக்கொள்ளவில்லை. ராஜா போப்பையே வேண்டாம் என்று தள்ளிவிட்டு, அந்தச் சூட்டோடு நாட்டிலிருந்த மடங்களை எல்லாம் இழுத்து மூடினார். ராஜாவின் ஆட்கள் வந்து சாமியார்களை அனுப்பிவிட்டு, கூரையிலிருந்த ஈயத்தை உருக்கி எடுத்துக்கொண்டு போனார்கள். கிழக்குப் பாதி மொட்டையாக நின்றது. ஊர்க்காரர்கள் கல் கல்லாகப் பெயர்த்துப் பன்றிப்பட்டி கட்டினார்கள், வேலி கட்டினார்கள், எதிரில் இருக்கிற பப்பைக் கட்டினார்கள். தங்கள் பாதியை மட்டும் தொட விடவில்லை. "இது எப்பவும் எங்க கோயில்தான்" என்று நின்றார்கள். அந்தப் பாதிதான் இன்றைக்கு இருக்கிற சர்ச்.

சர்ச்சில் விற்கிற சிறிய கையேட்டில் வேறு மாதிரி எழுதியிருந்தது. சாமியார்கள் கருணையோடு தங்கள் கோயிலில் பாதியை ஏழை ஊர்மக்களுக்குக் கொடுத்தார்களாம். மடம் மூடிய பிறகு நன்றியுள்ள மக்கள் குறுக்கே சுவர் எழுப்பி அந்தப் பாதியைக் காப்பாற்றினார்களாம். மணிச் சண்டையை எங்களிடம் வேடிக்கைக் கதையாகச் சொன்ன ஜோன், நாற்பது வருடமாக வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது எதற்கு மாடல்? கக்கூஸ் கட்ட. மடம் இருந்த காலத்தில் சாமியார்கள் வரிசையாக உட்காருவதற்கென்றே ஒரு தனிக் கட்டடம் இருந்ததாம், அடியில் ஓடை ஓடும்படி. ஊர்க்காரர்களுக்கு அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

"கல்யாணத்துக்கு வர்ற பொண்ணு, வெள்ளை கவுனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ரோட்டைத் தாண்டிப் பப்புக்கு ஓடுது" என்றார் ஜோன். "சாகறதுக்குள்ள இந்த ஊருக்கு ஒரு கக்கூஸ் கட்டிட்டுத்தான் போவேன்."

எனக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போனது.

3. பல் விழுந்த வாய்

சர்ச் வெட்டுப்பட்டு நிற்கிற இடத்துக் குறுக்குச் சுவரை மாடல் போட்டது கோயம்புத்தூரில் தீபா. வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். அதுவரை நான் அவளோடு பேசியதுகூட இல்லை. அவள் போட்டதைத் திறந்து பார்த்தபோது, பாயின்ட் கிளவுடில் இருந்தது அப்படியே இருந்தது. சுவர் சர்ச்சுக்குச் சரியான குறுக்காக இல்லை, லேசாகத் திரும்பியிருந்தது. கனம் ஒரு பக்கம் கூடுதல், ஒரு பக்கம் குறைவு. வடக்கு ஓரத்தில், ஊர்க்காரர் பக்கத்து முகத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு மாடக்குழி. ஒரு சாண் ஆழம். அதன் ஒரு பக்கக் கல்லில் கை நுழைகிற அளவுக்குச் சதுரமாக ஓர் ஓட்டை.

சந்தேகப் பட்டியலில் தீபா எழுதியிருந்தாள்: "மாடக்குழியின் இடது கல்லில் சதுர ஓட்டை உள்ளது. அதே உயரத்தில் வலது கல்லில் ஆழமில்லாத குழி உள்ளது. அடைத்த கதவுபோல் தெரிகிறது. மேலும் சுவரின் வெளிமுகத்தில், கூரைக்குக் கீழே சிவப்புக் கோடுகள் தெரிகின்றன. அழுக்கா, பெயின்டா? கிளையன்டிடம் கேட்கவும்."

பாலாஜி என் திரையைப் பார்த்தார்.

"இது என்னக்கா, பல்லு விழுந்த வாய் மாதிரி?"

"தீபா போட்டதுங்க. ஸ்கேன்ல அப்படித்தான் இருக்குது. கேள்வியும் எழுதியிருக்கா."

"யாரு தீபா?"

"கோயம்புத்தூர்ல. நல்லாத்தான் பண்ணியிருக்கா."

"அக்கா, நம்ம இதைக் கேட்டோம்னு வைங்க, அவங்க ஒரு கமிட்டி போடுவாங்க. கமிட்டி டீ குடிக்கும். டீ குடிச்சு முடிக்க ஆறு மாசம். நமக்கு டெலிவரி வெள்ளிக்கிழமை. ஃப்ளாட் வால் போடுங்க. தொள்ளாயிரம் எம்.எம்., ஸ்ட்ரெய்ட்."

"அந்தக் குழி?"

"நாய்ஸ்."

நாய்ஸ் என்றால் ஸ்கேனில் தப்பாக விழுகிற வேண்டாத புள்ளிகள். நடந்துபோன ஆள், பறந்துபோன புறா, இவை எல்லாம் நாய்ஸ். கல்லில் உளி வைத்துச் செதுக்கிய சதுர ஓட்டை நாய்ஸ் இல்லை. எனக்கு அது தெரியும். டிப்ளமோ படித்த எவளுக்கும் தெரியும்.

ஏழு கிளிக். தீபாவின் சுவரைத் தேர்ந்தெடுத்தேன், அழித்தேன், நேரான சுவர் ஒன்றை வைத்தேன், சேவ் பண்ணினேன். பட்டியலில் அவள் கேள்விக்கு எதிரே பாலாஜி "பொருந்தாது" என்று எழுதினார்.

இரண்டு நாள் கழித்து சாட்டில் தீபா கேட்டாள்: "அக்கா, அந்தக் குழி என்னன்னு கேட்டாங்களா?"

நான் எழுதினேன்: "அது ஒண்ணும் இல்ல கண்ணு. நாய்ஸ்."

4. எந்த அம்சமும் இல்லை

நான்கு மாதம் கழித்து சர்ச்சின் ஆர்க்கிடெக்ட் கக்கூஸ் டிராயிங்கை அனுப்பினார், எங்கள் மாடலோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்லி. வெளியே புல்வெளியில் சின்னக் கட்டடம். அதற்குச் சர்ச்சுக்குள்ளிருந்து போக, குறுக்குச் சுவரை வெட்டி ஒரு கதவு. கதவு வருகிற இடம் வடக்கு ஓரம். சரியாக மாடக்குழி இருக்கிற இடம். ஓரத்தில் ஒரு குறிப்பு: "இவ்விடத்தில் வரலாற்று அம்சம் எதுவும் இல்லை. ஆதாரம்: 3டி மாடல்."

அந்தக் குறிப்பை இரண்டு தடவை படித்தேன். ஆதாரம் என்பது நான் அடித்த ஏழு கிளிக்.

அந்த ஆர்க்கிடெக்டைக் குறை சொல்ல மாட்டேன். சர்ச் போட்டோக்களில் பார்த்தால், குழிக்கு முன்னால் பாட்டுப் புத்தகங்கள் அடுக்கிய பெரிய அலமாரி எப்போதும் நிற்கும். ஸ்கேன் எடுத்த அன்று மட்டும் நகர்த்தியிருந்தார்கள். அனுமதி கொடுத்த கமிட்டியும் எங்கள் மாடலைத்தான் பார்த்தது. இரண்டு வாரத்தில் வெட்டு.

பாலாஜியிடம் போனேன்.

"மாடல் அப்ரூவ் ஆயிடுச்சுக்கா. இப்ப போய் அதுல தப்புன்னு சொன்னா முழு மாடலையும் டவுட் பண்ணுவாங்க. இன்னும் மூணு சர்ச் பைப்லைன்ல இருக்கு."

"கல்லை வெட்டிட்டா திரும்ப ஒட்ட முடியாதுங்க பாலாஜி."

"அது ஒரு ஓட்டைக்கா! எலி போட்டிருக்கும்."

"எலி சதுரமாப் போடுமா?"

"செல்வி, ஸ்கோப்ல இருக்கறத மட்டும் பாருங்க." அக்கா விழுந்துவிட்டது.

கிளையன்டுக்கு பாலாஜி மட்டும்தான் எழுதலாம் என்பது எங்கள் ஆபீஸ் விதி. மீறினால் வேலை போகும். அன்று வீட்டில் சாப்பிடும்போது கணவரிடம் புலம்பினேன். அவர் வழக்கம்போல "யோசிச்சுப் பண்ணு" என்றார். அது ஒரு பதிலா? என் மகள் தட்டிலிருந்து நிமிரவேயில்லை. "அம்மா, ஜஸ்ட் ஈமெயில் ஹெர்" என்றாள். "ஒய் இஸ் திஸ் ஈவன் எ க்வெஸ்ச்சன்?"

மறுநாள் காலை ஆபீஸ் போவதற்கு முன் என் சொந்த மெயிலில் ஜோனுக்கு எழுதினேன். நான்கே வரி. எங்கள் மாடலில் ஒரு தப்பு இருக்கிறது. அலமாரிக்குப் பின்னால் ஒரு குழியும் ஓர் ஓட்டையும் உள்ளன. தயவுசெய்து பாருங்கள். பார்க்கும் வரை யாரையும் வெட்ட விடாதீர்கள்.

5. துடைப்பக் கட்டை

ஒரு மணி நேரத்தில் ஜோன் வீடியோ காலில் கூப்பிட்டார். நான் ஆபீஸ் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து எடுத்தேன். அவர் போனைப் பாட்டுப் புத்தகங்கள் மேல் சாய்த்து வைத்துவிட்டு, அலமாரியைத் தோளால் முட்டித் தள்ளினார். பஸ் ஓட்டிய தோள்.

"இந்தப் பொந்தா? இது எனக்குத் தெரியுமே! கிறிஸ்துமஸ் சீரியல் லைட்டை இதுலதான் சுருட்டி வெப்போம்." கையை விட்டு வெளியே இழுத்தார். வயர் வந்தது. ஒரு மிட்டாய் பாக்கெட் வந்தது. யாருடையதோ ஒற்றைக் கையுறை வந்தது.

"எவ்வளவு ஆழம்னு பாக்கறீங்களா? ஏதாவது குச்சி இருக்குதுங்களா?"

துடைப்பத்தை எடுத்து வந்து கட்டையை உள்ளே விட்டார். அது போய்க்கொண்டே இருந்தது. சுவரின் கனத்துக்குள்ளேயே, பக்கவாட்டில். கடைசியில் துடைப்பத்தின் மயிர் மட்டும் வெளியே நின்றது. ஜோன் போன் பக்கம் திரும்பினார்.

"செல்வி, துடைப்பம் முழுசா உள்ள போயிடுச்சு."

"எதிர்க் கல்லுல அதே உயரத்துல சின்னக் குழி இருக்குதுங்களா?"

"இருக்கு."

"அது கல்லு வெச்சு அடைச்ச கதவுங்க. இந்த நீள ஓட்டைக்குள்ள ஒரு கட்டை படுத்திருக்கும். கதவைச் சாத்திட்டு, கட்டையை இழுத்து எதிர்க் குழிக்குள்ள சொருகிட்டா வெளியே இருக்கறவன் யானையைக் கொண்டாந்து முட்டினாலும் திறக்காது. எங்க ஊர்ப் பக்கம் பழைய குடோன்ல எல்லாம் இருக்குது."

ஜோன் யோசித்தார். "கட்டையைச் சொருகறவன் எந்தப் பக்கம் நிப்பான்?"

"இப்ப நீங்க நிக்கற பக்கம்."

"அப்ப பூட்டுனது நாங்க!"

சர்ச் முழுவதும் எதிரொலிக்கச் சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தினார். "இரு இரு. மடத்தை இடிச்சதுக்கப்புறம் இது வெளிவாசல்தானே? வெளிவாசலுக்கு உள்பக்கம் கட்டை போடறது சாதாரணம்தானே? அப்ப சாமியாருங்களைப் பூட்டுனோம்னு எப்படிச் சொல்றது?"

நியாயமான கேள்வி. எனக்குத் தீபாவின் இரண்டாவது கேள்வி ஞாபகம் வந்தது.

"வெளியே போய் அதே சுவரோட மறுபக்கம் பாருங்க. கூரைக்குக் கீழே சிவப்பா ஏதாவது தெரியுதா?"

அங்கே மழை. ஜோன் குடையும் போனுமாகப் போய்ப் படர்ந்திருந்த கொடியை விலக்கினார். மேலே கூரை விளிம்பு நனையாமல் காத்த ஒரு துண்டில் சுண்ணாம்புப் பூச்சு இருந்தது. அதன் மேல் சிவப்பு வர்ணத்தில் கட்டம் கட்டமாகக் கோடு, நடுவில் ஒரு பூ.

"மழை அடிக்கற பக்கத்துல எவனாவது பூ வரைவானுங்களா?" என்றேன். "அதை வரைஞ்சப்போ அந்தப் பக்கமும் மேல கூரை இருந்திருக்குது. உள்ளே சாமியாருங்க இருந்திருக்காங்க. அப்பவே இந்தச் சுவர் நின்னுருக்குது. கதவு இருந்திருக்குது. கட்டை உங்க கையில இருந்திருக்குது."

ஜோன் மழையில் நின்றுகொண்டே சொன்னார்: "நாற்பது வருஷமா நான் அவங்களுக்கு நன்றி சொல்லிக்கிட்டு இருக்கேன்மா."

வெட்டு நின்றது. பழங்கட்டட நிபுணர் ஒருவர் வந்தார். சுவர் மடத்தை மூடுவதற்கு முந்தையது, கதவும் அந்தக் காலத்தது என்றார். யார் கட்டியது, எந்தச் சண்டையில் கட்டியது என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். அப்படிச் சொல்லத்தான் அவருக்குச் சம்பளம். கக்கூஸ் கதவை மேற்கே, மணிக் கோபுரத்துக்கு அடியில் மாற்றிவிட்டார்கள். கட்டியும் முடித்துவிட்டார்கள். ஜோன் போட்டோ அனுப்பினார், ரிப்பன் வெட்டுவது உட்பட.

6. அக்கா கழன்ற பிறகு

ஜோன் கம்பெனிக்கு நன்றிக் கடிதம் எழுதியதால் விஷயம் பாலாஜிக்குத் தெரிந்தது. அது நன்றிக் கடிதமாக இருந்ததால் என்னை வேலையை விட்டு எடுக்க முடியவில்லை. ஆனால் மாடலில் தப்பு இருந்தது ஊர்ஜிதமாகிவிட்டதே, அதற்கு ஒரு படிவம் உண்டு. தப்பு எங்கே நடந்தது, யாரால் நடந்தது என்று நிரப்ப வேண்டும். பாலாஜி நிரப்பினார்: "ஜூனியர் மாடலர், கோயம்புத்தூர்."

"பாலாஜி, அழிச்சது என் லாகின். வெர்ஷன் ஹிஸ்டரில இருக்குது."

"ஃபாரம் க்ளோஸ் ஆயிடுச்சு செல்வி. உங்களுக்கு ஒண்ணும் ஆகலைல்ல? விடுங்க."

விட்டேன். இதைத்தான் எழுதக் கூச்சமாக இருக்கிறது. எங்கேயோ இருக்கிற ஒரு சுவருக்காக வேலையைப் பணயம் வைத்தவள், ஒரு பெண்ணுக்காக வாயைத் திறக்கவில்லை. தீபாவுக்கு மெமோ போனது. பழைய கட்டட வேலையிலிருந்து எடுத்துக் கிடங்கு மாடல்களில் போட்டார்கள். நான் எட்டு மாதம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு ரிட்டயர் ஆனேன். கேக் வெட்டினார்கள். தின்றேன்.

பொங்கல் விழாப் பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்த மறுநாள் தீபாவுக்கு போன் செய்தேன்.

"அக்கா, நான் போட்ட மாடல்ல அந்தக் குழி இருந்துச்சுல்ல?" என்று கேட்டாள். ஒரு வருடமாக அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டிருந்தது.

"இருந்துச்சு கண்ணு. ஓட்டையோட சேர்த்துப் போட்டிருந்த."

"அப்ப யாரு எடுத்தா?"

சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப அதை எல்லாருக்கும் சொல்லுங்கக்கா" என்றாள். "எங்கிட்ட மட்டும் சொன்னா எப்படி?"

இளைஞர்களுக்குப் பாடம் கேட்டீர்களே, இதுதான். கோணலாக இருப்பதைக் கோணலாகவே போடுங்கள். புரியவில்லை என்றால் கேளுங்கள். உங்களுக்குக் கீழே இருக்கிறவர் கேட்ட கேள்வியை அழிக்காதீர்கள். அழித்துவிட்டால், அழித்தது நான்தான் என்று அன்றைக்கே சொல்லுங்கள், என்னைப்போல ரிட்டயர் ஆகும் வரை காத்திருக்காதீர்கள்.

என் மேஜை மேல் அந்தச் சர்ச்சின் புதிய கையேடு இருக்கிறது. ஜோன் தபாலில் அனுப்பினார். சாமியார்களின் கருணை பற்றிய வரியை எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு, ஊர்மக்கள் தங்கள் பக்கத்துக் கதவைத் தாங்களே பூட்டிக்கொள்ளும் நிலையில் இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் நன்றிப் பட்டியல். கண்டுபிடித்தவர் பெயரை எப்படிப் போடட்டும் என்று ஜோன் கேட்டபோது என் பெயரை நான் கொடுக்கவில்லை. அச்சில் இப்படி இருக்கிறது: "இந்தக் கதவை முதலில் கண்டு கேள்வி கேட்ட தீபாவுக்கு, கோயம்புத்தூர், இந்தியா." இங்கிலாந்தில் அவளுக்கு நன்றி. பிளானோ மேடையில் அவள் மிஸ்டேக்.

பாலாஜி, சித்திரைத் திருநாள் விழாவுக்கும் நீங்கள்தான் வரவேற்புரை என்று அழைப்பிதழில் பார்த்தேன். நான் கையேட்டோடு முதல் வரிசையில் இருப்பேன். இந்தத் தடவை கையில் கப் இருக்காது. அதே மைக்கில், அதே ஜனங்களுக்கு முன்னால் சொல்லுங்கள்: அந்தச் சுவரைத் தட்டையாக்கச் சொன்னது யார்? தீபாவின் பெயரைச் சொல்லி, அது அவள் மிஸ்டேக் இல்லை என்றும் சொல்லுங்கள்.